சாதுப் பசங்க சங்கம்

முழங்காலில் எப்படி நிற்பது என்று ஈஸ்வரமூர்த்திக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து நின்றான்.

பக்கத்தில் நிற்பவன் தனக்கு அடுத்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தது.

இந்தி எதிர்ப்பு ஊர்வலம் ரயில்வே கேட்டைத் தொடுவதற்குள் தடியடி தொடங்கிவிட்டது. ஈஸ்வரமூர்த்தி தமிழ் மன்றத்தின் செயலாளர். அந்த முறையில் ஊர்வலத்தின் கடைசி வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். திரும்பி ஓட அது வசதியாக இருந்தது.

போலீஸும் பின்னாலேயே கல்லூரிக்குள் வந்துவிட்டது.

மாணவர் சங்கங்களுக்கெல்லாம் ஒரே வராந்தா. தத்துவக் கழகம் என்றைக்குமே பூட்டுத்தான். அதற்கு உறுப்பினர்கள் உண்டா இல்லையா என்பதே ஒரு தத்துவப் பிரச்சினை. என்.சி.சி. அறையில் ஹவில்தார் இருப்பார், அவரே பிடித்துக் கொடுத்துவிடுவார். தமிழ் மன்றத்தின் சாவி சட்டைப்பையில் இருந்தது. ஆனால் எந்தக் கதவை விட்டாலும் அந்தக் கதவைப் போலீஸ் விடாது.

திறந்து கிடந்தது கிறிஸ்தவ மாணவர் சங்கம் மட்டும். உள்ளே ஐந்தாறு பேர் ஜெபத்தில் இருந்தார்கள். நுழைந்து, கதவோரமாக விழுந்தான்.

மார்ச்சில் பி.ஏ. பரீட்சை. உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் அப்பா பொங்கலுக்கே சொல்லிவிட்டார்: "ஸ்டேஷன்ல உம்பேரு ஏறுச்சுன்னா அன்னிக்கோட படிப்பு முடிஞ்சுது கண்ணு. மண்டிக்கு வந்து மட்டை உரி."

அப்பா எந்த விலையையும் ஏற்றி இறக்கிப் பேசுவார். இதில் இறங்கமாட்டார்.

ஈஸ்வரமூர்த்தி கண்ணை மூடினான். உடனே ஞாபகம் வந்து, சட்டைக் கையால் நெற்றித் திருநீற்றைத் துடைத்தான். முழுதும் போயிற்றா என்று தெரியவில்லை.

முன்னால் மேஜையருகே ஒருவன் ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்தான்.

"ஆண்டவரே, இந்த ஒருவாட்டி காப்பாத்திப்போடுங்க. இனி எதுவுமே கேக்கமாட்டோமுங்க."

மண்டிக்காரர் மகனுக்கு அந்தப் பயத்திலும் உறுத்தியது. முதல் பேச்சிலேயே கடைசி விலையைச் சொல்கிறானே, இத்தனை நாள் கடவுளோடு எப்படித்தான் வியாபாரம் பண்ணினான்?

கதவு திறந்தது.

ஜெபம் நிற்கவில்லை. வேகம்தான் கூடியது.

லத்தியின் முனை ஈஸ்வரமூர்த்தியின் தோளில் வந்து உட்கார்ந்தது. கனமே இல்லை.

"உம் பேரென்ன?"

"தாமஸுங்க."

பக்கத்தில் நின்றவன் அவன் விரல்களைப் பற்றினான், சந்தையில் துண்டுக்கடியில் மாட்டுக்கு விலை பேசுகிறவனைப்போல.

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்தார். அவர் மூச்சு நெற்றியில் பட்டது. அங்கேயே நின்றது.

பிறகு லத்தி எழுந்தது.

"சாதுப் பசங்கய்யா இவனுங்க," என்றார் பின்னால் நின்ற கான்ஸ்டபிளிடம். "எந்த ஊர்வலத்துக்கும் போகமாட்டானுங்க. வா."

அடுத்த அறையின் பூட்டு உடையும் சத்தம் கேட்டது. தமிழ் மன்றம். கொஞ்ச நேரத்தில் பூட்ஸுகள் படியிறங்கிப் போயின.

ஜெபம் நடத்தியவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உங்க சங்கத்துப் புண்ணியத்துல பொழச்சேனுங்க," என்றான் ஈஸ்வரமூர்த்தி.

ஜெபம் நடத்தியவனின் முகம் வெளுத்தது. "நீங்களும் இந்தச் சங்கமில்லீங்களாண்ணா? நானு கூட்டுறவு பண்டகசாலையில நோட்டு விக்கறவனுங்க. சோமனூருல இருந்து வந்து போறேன். சென்னகேசவனுங்க எம்பேரு."

இருவரும் மற்றவர்களைப் பார்த்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பின்கதவு வழியே நழுவினார்கள். அங்கே ஜெபம் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை.

"அப்ப இந்தச் சங்கத்துக்காரங்க எங்கீங்க?"

சென்னகேசவன் ஜன்னலைக் காட்டினான். வாசலில் போலீஸ் லாரியில் மாணவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிலரைத் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

"இந்தச் சங்கத் தலைவரு அமிர்தராஜும் அவுங்க ஆளுங்களும் முன்வரிசையில போனாங்கல்லங்க. முத அடியே அவுங்களுக்குத்தான். காத்தால ஊர்வலத்துல புடிக்க எங்கிட்டத்தான் அட்டை வாங்குனாரு. 'நாங்க வாரதாவே இல்ல, சென்னகேசவா'ன்னாரு. தமிழ் மன்றத்துச் செயலாளரு நேத்து சாப்பாட்டு ஹால்ல அத்தன பேரு முன்னால, முட்டி போடறவனுக்கு முதுகெலும்பு எதுக்குன்னு கேட்டுப்போட்டாராமுங்க. அதுக்காவத்தான் போனாங்க."

லாரியின் பின்கதவைச் சாத்தினார்கள்.

"நானு அந்தச் செயலாளரப் பாத்ததே இல்லீங்க. உங்களுக்குத் தெரியுமுங்களாண்ணா?"

"தெரியாதுங்க," என்றான் ஈஸ்வரமூர்த்தி.