ராணிக்குக் காத்திருந்த காவல்காரி

இணை தேடிப் பறந்துபோன இளம் ராணித் தேனீ மழையில் மாட்டிக்கொண்டு தேன்பெட்டிக்குத் திரும்பவில்லை. வாசலைக் காத்த தேனீ இடத்தைவிட்டு நகரவில்லை.

“வந்துடுவாங்க. எத்தனை பேர் நடுவுல நின்னாலும் அவங்க வாசம் எனக்குத் தெரியும்” என்று போகிறவள் வருகிறவளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேன்பெட்டிக்காரர் திறந்து பார்த்தார். ராணியைக் காணோம். ராணியுள்ள இன்னொரு பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். இரண்டு கூட்டமும் சண்டை போடாமலிருக்க நடுவில் ஒரு செய்தித்தாள்.

“யாரும் தாளைக் கடிக்காதீங்கடி! ராணியம்மா வந்து கேட்டா என்ன பதில் சொல்றது?” என்று காவல்காரி பதறினாள்.

“நாங்க கடிக்கலக்கா, மேல இருக்கிறவங்கதான் கடிக்கிறாங்க” என்றார்கள் தங்கைகள், வாயெல்லாம் காகிதத் துகளோடு.

தாள் ஓட்டையானது. மேலிருந்த ராணியின் வாசம் மெல்ல இறங்கி எல்லார் உடம்பிலும் ஒட்டிக்கொண்டது. காவல்காரி உடம்பிலும்தான்.

வெயில் வந்ததும், நனைந்த சிறகோடு ஒருத்தி வாசலில் வந்து இறங்கினாள். “நான்தாண்டி, வந்துட்டேன்.”

காவல்காரி அவளை முகர்ந்து பார்த்தாள். பிறகு கொடுக்கை நீட்டிக்கொண்டு குறுக்கே நின்றாள்.

“யாரு நீ? தள்ளிப் போ. எங்க ராணியம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு எனக்கு ஏற்கெனவே உயிரே இல்ல.”