அக்காவிடம் மட்டும்

கணவன் விட்டுப் போனதைத் தங்கை அக்காவிடம் மட்டும்தான் சொன்னாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அக்கா, தினமும் வந்து தலையைக் கோதியபடி கேட்டாள். சலித்துக்கொள்ளவே இல்லை.

"அழாதேடி. அப்புறம் என்ன சொன்னார்?"

ஒரு மதியம் ஆபீஸ் கேன்டீனில் தோழி வாரப் பத்திரிகையை நீட்டிச் சிரித்தாள். "இந்தக் கதையைப் படி! புருஷன் ஓடிட்டான், இவ இன்னும் அவன் சட்டைக்கு இஸ்திரி போடுறா!"

தங்கை வாங்கிப் படித்தாள். எழுதியவர் பெயரைப் பார்த்தாள். அக்காவேதான். பத்திரிகைகளுக்கு எழுதித்தான் அக்காவுக்குப் பிழைப்பு.

போன் செய்தாள். "என்னக்கா இது?"

"கதையில உன் பேரை மாத்திட்டேன்டி. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதேக்கா!"

அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தொடரா எழுதச் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை திரும்பி வந்துடலையே?"