தும்பிலா

“தும்பிலா” என்று கத்தினான் அந்த இளைஞன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கருவடிக்குப்பத்தில் முன்பின் தெரியாத ஒருவன், என் மனைவியின் சொல்லை அவள் எதிரிலேயே கத்துகிறான்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டியது என் புத்தி. பெத்தாங் என்கிற இரும்புக் குண்டு ஆட்டம் நடந்தால் நின்று பார்க்காமல் போக எனக்குத் தெரியாது. யாரோ நல்ல மனசுக்காரர் என் மனைவி அமுதவல்லிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார்.

பக்கவாதம் வந்து எழுந்தபோது அவளிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். காபி கேட்டாலும் தும்பிலா, என்னைத் திட்டினாலும் தும்பிலா. எந்த மொழியிலும் இல்லாத சொல். சிலருக்கு இப்படித்தான் வரும் என்றார் டாக்டர். ராகத்தை வைத்தே நான் புரிந்துகொண்டேன். திட்டு மட்டும் எப்போதும் தெளிவாகப் புரிந்தது.

எங்கள் பேட்டை சாரத்தில் நாங்கள் ஆடும் திடலுக்கு அவளையும் அழைத்துப்போவேன். இரும்புக் குண்டு உருண்டு போய்ச் சின்ன மரப்பந்தை ஒட்டி நின்றால் தும்பிலா என்பாள். என்னோடு ஆடும் ராமலிங்கமும் மற்றவர்களும் சேர்ந்து சொல்வார்கள். அவளுக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

பிறகு ஒரு கல்யாண வீட்டில், யாரோ சிலர் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சிரித்தார்கள். அன்றோடு வாயை மூடியவள்தான். இருந்த ஒரு சொல்லும் போயிற்று. வீட்டில் டிவி மட்டும் பேசியது. அவளிடம் ஒருமுறை திட்டு வாங்கினால் போதும் என்று இருந்தது எனக்கு.

இப்போது இவன்.

சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். “யாரைக் கிண்டல் பண்ற?”

முதுகில் கோபிநாத் என்று அச்சடித்த பனியன் போட்டிருந்தான். திருதிருவென்று விழித்தான். “கிண்டலா? குண்டு வந்து ஒட்டுனா அப்பிடித்தான் சார் சொல்லணும். பிரெஞ்சு வார்த்தை. வேணும்னா ஜாக் சாரக் கேளுங்க.”

இந்த ஆட்டத்தில் பாதிச் சொல் பிரெஞ்சுதான். புதுச்சேரியில் பொருள் தெரியாத சொல்லுக்கெல்லாம் அதுதானே பிறந்த வீடு. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஜாக், அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே, ரொம்பப் பழைய சொல் என்று தலையாட்டினார். அவர் எதைத்தான் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. ராமலிங்கம் ஏதோ ஒரு போட்டியில் சொல்லியிருப்பான். கேட்டவன் வேறொரு திடலில் சொல்லியிருப்பான். வாய்க்கு வாய் தாவி, யாருடையது என்றே தெரியாமல் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லி இங்கே யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ரொம்ப நன்றிப்பா என்றேன். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை.

அடுத்த குண்டு உருண்டது. மெல்லப் போய் மரப்பந்தை ஒட்டி நின்றது.

“தும்பிலா.”

நாற்காலியிலிருந்துதான் வந்தது குரல். நான் திரும்பிப் பார்க்கவே பயந்தேன்.

கோபிநாத் தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டான். “அம்மா எவ்ளோ சுத்தமா சொல்றாங்க பாருங்கடா. நாமதான் கெடுத்து வெச்சிருக்கோம்.”