பூட்டிய கழிப்பறை

“பொய் சொல்லாதீங்க! மலத்தொட்டியத் திறந்தா சோளம் சோளமா வருது!” என்று கத்தினாள் லொரீன்.

“பல்லே இல்லாதவன் சோளத்தை எப்படிடி கடிப்பேன்? நீதான் திருட்டுத்தனமாத் தின்னிருப்ப!” என்றார் அவள் கணவர் ஹார்லன்.

அறுபத்தெட்டு வயதில் இருந்த ஒரே வீட்டையும் விற்று, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருந்த ஒரு பழைய வீட்டுவண்டியை வாங்கி, அரிசோனாவில் அப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் ஒரு முகாமில் நிறுத்தியிருந்தார்கள். பத்து நாளாக இருவரும் முகாமின் பொதுக் கழிப்பறைக்குத்தான் போனார்கள். வண்டிக் கழிப்பறையைப் பூட்டிச் சாவியை லொரீனே வைத்திருந்தாள். ஆனாலும் மூன்று நாளுக்கொருமுறை தொட்டி நிரம்பி நாறியது.

குமட்டல் தாங்காமல் அவள் அயோவாவில் இருந்த தங்கை வீட்டுக்கே போய்விட்டாள். அன்றிலிருந்து ஹார்லனின் தொட்டி காலிதான்.

அடுத்த மாதமே தங்கை தன் சொந்த வீட்டை அக்காவிடம் விட்டுவிட்டு வேறு ஊருக்குக் குடிபோனாள். ஏன் என்று கேட்டால், “சோளம்…” என்று ஆரம்பித்து வாந்திதான் எடுக்கிறாளாம்.