மாதிரிக் கை

சுவரில் பெரிதாக விழுந்திருந்த அந்தக் கையின் படத்தை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

அழிக்க மறந்திருந்தாள்.

டாக்டர்களுக்கென்றே ஒரு செயலி. பிடிபடாத நோய் வந்தால் படத்தோடு அதில் போட வேண்டும். எங்கெங்கோ இருக்கும் மற்ற டாக்டர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். அதன் திரைகளை வடிவமைத்தவள் அவள். இன்று காலைதான் முதன்முதலாக டாக்டர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். மதியம் எல்லோரும் கூட்ட அறையில் உட்கார்ந்து அதைச் சுவரில் போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வடிவமைக்கிறவர்களுக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. எதையாவது போட்டு நிரப்பிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். அவளும் அப்படித்தான் ஒரு கேஸை நிரப்பி வைத்திருந்தாள். நாற்பது வயது ஆண், ஒரு வாரமாகத் தலைவலி. தலைவலிக்குக் கையின் படம் எதற்கு என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. வேறு வேலைக்காக எடுத்த படம் ஒன்று கிடந்தது. வெட்டி, இடம் வலம் மாற்றி, நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி ஒட்டிவிட்டாள்.

அதற்குக் கீழே இப்போது நிஜ டாக்டர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்திலிருந்த புரோகிராமர் அவளை முழங்கையால் இடித்தான். "பிச்சுக்கிட்டு போகுது, பாத்தியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் செயலியை ஆரம்பித்த பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: ஒரே ஒரு பொய்க் கேஸ் உள்ளே வந்தாலும் அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள், கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்பதால் மற்றவர்கள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள்.

வேலை போகப் போகிறது என்ற பயத்தில் மேசைக்கு அடியில் போனை எடுத்தாள். யாரும் கேட்பதற்குள் அழித்துவிடலாம்.

அழிக்கும் முன் முதல் பதில் கண்ணில் பட்டது. 'தலைவலி கிடக்கட்டும். நகங்களைப் பாருங்கள். விரல் நுனியெல்லாம் உப்பியிருக்கிறது.'

அதற்குக் கீழே இன்னொருவர். 'நானும் அதைத்தான் கவனித்தேன். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா?'

மூன்றாமவர் சுற்றி வளைக்கவில்லை. 'இன்னும் என்ன தலைவலி? நுரையீரலை ஸ்கேன் செய்யுங்கள். இதே மாதிரி விரல்களோடு வந்த ஒருவரைத் தாமதமாக அனுப்பி நான் இழந்திருக்கிறேன்.'

அழிக்கப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது.

வயதும் தலைவலியும் அவள் கட்டிவிட்ட கதை. கை கதை இல்லை.

வேலையைப் பற்றிய பயம் போன இடம் தெரியவில்லை. இது வேறு பயம்.

பெரிய டாக்டர் எழுந்து சுவர் அருகே போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தார். முதலில் முகம் கொள்ளாத பெருமை. படிக்கப் படிக்க அது வடிந்துவிட்டது.

"இவங்க சொல்றது சரி. யாரு போட்ட கேஸ் இது? அந்த ஆளு எங்க இருக்காருன்னு கேளுங்க. இன்னைக்கே பாக்கணும்."

போட்டவர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'மாதிரி டாக்டர்' என்று இருந்தது. மாதிரிகளை நிரப்புகிறவள் அவள்தான். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் போனை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

புரோகிராமர்தான் வாயைத் திறந்தான். அவனுக்கு அவன் கவலை. "சார், என் நகமும் அப்படித்தான் இருக்கிற மாதிரி இருக்கு."

பாடம் எடுக்கப் பெரிய டாக்டரைக் கேட்கவா வேண்டும்? ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"ரெண்டு ஆள்காட்டி விரலையும் மடக்கி, நகத்தோட நகம் ஒட்டுற மாதிரி வெளிச்சத்துல பிடிங்க. நடுவுல சின்னதா ஒரு சந்து தெரியும். தெரிஞ்சா பயமில்லை."

எல்லோரும் பிடித்துப் பார்த்தார்கள். புரோகிராமர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். அவள் தன் விரல்களைப் பார்க்கவில்லை.

பெரிய டாக்டரும் தன் விரல்களைத் தோளுக்கு மேலே உயர்த்திச் சேர்த்துக் காட்டினார். மாணவர்களுக்குக் காட்டிக் காட்டி வந்த பழக்கம் அது. அவர் கண் விரல்களில் இல்லை. எதிரே இருந்தவர்களின் முகங்களில் இருந்தது.

"இப்படி. தெரியுதா?"

ஜன்னல் நிறைய வெயில். அந்த இரண்டு நகங்களுக்கு நடுவே ஒரு கீற்று வெளிச்சம்கூட வரவில்லை.

செயலி இன்னும் காகிதத்தில் இருந்த நாட்களில், இதே மேசையில்தான் அவள் அந்தப் படத்தை எடுத்தாள். பொத்தான் எவ்வளவு பெரிதாக இருந்தால் விரலுக்கு வசதி என்று அளப்பதற்காக, அவரைக் கையை விரித்து வைக்கச் சொல்லி எடுத்தது. பெருசாவே போடும்மா, வயசான விரலு, ஒண்ணைத் தொட்டா பக்கத்துல இருக்கிறது திறக்குது என்று அவர் சிரித்தார்.

இப்போது லேசாக இருமிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். உயர்த்திய விரல்களை அவர் இன்னும் இறக்கவில்லை.

"சொல்லும்மா. யாரோட கை அது?"