பதினேழாம் எண்ணுக்குக் கொழுப்பில்லை

"பதினேழாம் நம்பரைப் பாத்தியா நரெல்? கொழுப்பு இல்ல, சர்க்கரை இல்ல, பீர் குடிச்ச தடயமே இல்ல! அடிலெய்ட்ல இப்படி ஒரு மனுஷன்!"

கம்ப்யூட்டர் திரைக்கு முத்தம் கொடுக்காத குறையாகக் குதித்தார் அலஸ்டர் பிம்பிள். தன்னைப் 'புரொஃபசர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடித்ததால், வாசல் காவலாளி வரை எல்லோரும் அவரை 'அல்' என்றே கூப்பிட்டார்கள்.

ஆய்வகத்தில் எல்லோரும் ரத்தம் கொடுத்திருந்தார்கள், பாதிப் பேர் கோடையில், பாதிப் பேர் குளிர்காலத்தில். அதை அலசும் இயந்திரம் கோடையில் எல்லா அளவையும் கூட்டிக் கத்தியது, குளிரில் குறைத்து முனகியது. கத்தலை அடக்கி, முனகலைத் தூக்கி, எல்லோரையும் ஒரே உயரத்தில் நிறுத்த ஒரு மென்பொருள். அதை இயக்குபவள் நரெல். எந்த எண் யாருடையது என்ற பட்டியலும் அவளிடம்தான்.

"அல், அந்தப் பதினேழை நான் கணக்குல சேர்க்கல. நீங்கதான்..."

"நானேதான் சேர்த்தேன்! ஒண்ணு விடாம சமமாக்குன்னு எத்தனை தடவை சொல்றது? விட்டிருந்தா இந்த அதிசயம் கிடைச்சிருக்குமா?" குரலைத் தாழ்த்தினார். "யாருன்னு எனக்குத் தெரியும். தினமும் கடற்கரையில எட்டு கிலோமீட்டர் ஓடுறது யாரு? கீரைச் சாறு குடிக்கிறது யாரு?"

பத்தரை மணித் தேநீருக்கு டீன் மொய்ரா வந்தார். புதிய நீண்ட ஆயுள் மையத்துக்கு யார் இயக்குநர் என்று அன்றுதான் சொல்லப்போகிறார். போட்டியில் இரண்டே பேர். ஒருவர் அல். இன்னொருவர், காலையிலேயே இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பண்டத்தின் மேல் தக்காளி சாஸைப் பீய்ச்சிக்கொண்டிருந்த டெஸ்மண்ட்.

"மொய்ரா, நீங்க ஏன் தலையை உடைச்சுக்கிறீங்க?" என்றார் அல். "ரத்தமே சொல்லட்டும். பதினேழாம் நம்பர் யாரோ, அவங்கதான் இயக்குநர்!"

"யோவ் அல், உன் உடம்புல ரத்தம் இருக்கா? வெறும் கீரைச் சாறுன்னு நினைச்சேன்," என்றார் டெஸ்மண்ட், வாய் நிறைய இறைச்சியோடு.

"சிரி, சிரி. இன்னும் எத்தனை நாளைக்குச் சிரிப்பேன்னு உன் கொழுப்பளவு சொல்லுது."

நரெல் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அல் கையமர்த்தினார். மூன்றாவது முறை லாமிங்டன் கேக் தின்னத் திறந்தாள்.

"எனக்கும் வேலை மிச்சம்," என்றார் மொய்ரா. "சரி, எல்லார் முன்னாலயும் சொல்றேன். பதவி பதினேழுக்கே. பேச்சு மாற மாட்டேன்."

அல் டையைச் சரிசெய்துகொண்டு, வெட்கப்படத் தயாராக எழுந்து நின்றார். "நரெல், கூப்பிடும்மா அந்த மனுஷனை!"

"கூப்பிட்டா வரமாட்டார். ஃப்ரிட்ஜ்ல இருக்கார்."

கை தட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. நரெல் போய், சுண்டுவிரல் உயரப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து லாமிங்டன் தட்டின் நடுவில் வைத்தாள்.

"நம்ம புது இயக்குநர். ஒருத்தர் ரத்தத்துக்கும் அடுத்தவர் ரத்தத்துக்கும் நடுவுல மெஷினைக் கழுவ நான் வைக்கிற புட்டி. ஒண்ணு விடாம சமமாக்கச் சொன்னீங்களா, மென்பொருள் இதையும் நம்ம உயரத்துக்குத் தூக்கி, ஒரு மனுஷன் ரத்தம் மாதிரி காட்டிடுச்சு. உள்ள வெறும் தண்ணி, அல்."