இரண்டாம் நம்பர் போர்ட்

"பிடுங்கினது நீதானே? உண்மையைச் சொல்லு!"

மேனேஜர் மனோகர் போட்ட சத்தத்தில் தகடு அடிக்கிற அந்த ஷெட்டே திரும்பிப் பார்த்தது. நளினி மட்டும் நிதானமாகக் கையுறையைக் கழற்றினாள்.

உதய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. பெங்களூர் கம்பெனி அனுப்பிய சர்வீஸ் ஆள் அவன். இதே கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் வீடு இருந்தும் எட்டிப் பார்க்க நேரமில்லை. நாலு மணி ரயிலைப் பிடிக்கணும்.

பிரஸ் மெஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டரில் அஞ்சு நாளாக ஒரே எர்ரர். இரண்டாம் நம்பர் போர்ட்டில் டேட்டா வரவில்லை. மத்தியான ஷிப்ட் முழுக்க மெஷின் சும்மா நிற்கிறது. காலையில் நளினி வந்தால் தானாக ஓடுகிறது!

உதய் ஸ்கிரீனைத் தட்டினான்.

"பாருங்க சார். மத்தியானம் ஒண்ணு அம்பத்தெட்டுக்கு கனெக்‌ஷன் போகுது. காலையில ஆறு அஞ்சுக்கு வருது. அஞ்சு நாளும் இதே டைம். மனுஷன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் எழுதி வைக்கற லாக் சொல்லாது."

சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இன்னாத்துக்குக்கா இந்த வேலை?" என்று நளினியைக் கேட்டான்.

"வேற இன்னா? பொறாமை! மத்தியான ஷிப்ட்டுக்குப் புதுசா வந்த வின்னி இவளைவிட அதிகமா பீஸ் போட்டுடுவாளாம்" என்றார் மனோகர்.

நளினி சிரித்துவிட்டாள். "பீஸா? சார், உள்ளே கை கீதான்னு பாக்கற சென்சார் செத்து ஒரு மாசம் ஆச்சு. அதுக்குப் பதிலா ஏதோ பிளக்கைச் சொருகி வெச்சீங்க. ஸ்கிரீன்ல மட்டும் பச்சை எரியுது. நான் பதினோரு வருஷமா இதுலதான். கையை எப்ப எடுக்கணும்னு தெரியும். அந்தப் பொண்ணு பச்சையை நம்பி கையை உள்ளே வுட்டா?"

"என்கிட்ட சொல்லணும்."

"மூணு வாட்டி சொன்னேன். போம்மான்னீங்க."

"நாளையிலேர்ந்து வராதே. கிளம்பு!"

உதய் கடுப்போடு மெஷினுக்குப் பின்னால் போனான். மூடியைத் திறந்தான். போர்ட்டிலிருந்து கழன்ற பிளக் தொங்கியது. கையில் எடுத்துத் திருப்பினான். மேலே பச்சை டேப். உள்ளே ஒரு துண்டு ஒயர். 'கை இல்லை, கை இல்லை' என்று கம்ப்யூட்டரிடம் எந்நேரமும் சொல்லிக்கொண்டே இருக்கிற டம்மி.

சால்டர் வைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"இன்னாப்பா, நின்னுட்டே? சொருகி ரெண்டு ஸ்க்ரூவையும் இறுக்கு. ரிப்போர்ட்ல பழுதுக்குக் காரணம்னு இவ பேரை எழுது. மீதியை நான் பாத்துக்கறேன்."

"எழுதிக்கோ தம்பி" என்றாள் நளினி. "நான் வின்னிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

உதய் பிளக்கைச் சொருகவில்லை. பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். ரிப்போர்ட்டில் நளினி பேரையும் எழுதவில்லை.

'ஒரு வாரத்துக்குத்தான், புது சென்சார் வந்துடும்' என்று போன மாசம் மனோகர் சொன்னதை நம்பி, அந்த டம்மியை சால்டர் செய்து கொடுத்தவனின் பேரை எழுதினான்.

உதய்.